கவசத்தோடு ஏணி ஏறியவரைச் சேறு பிடித்த கதை

பூசிக்கோ என்று பெயர் பெற்ற ழான் லெ மேங்ர் 1366-இல் பிறந்த பிரெஞ்சுப் பிரபு. 25 வயதிலேயே பிரான்சின் மார்ஷல், அதாவது உயர் படைத்தளபதி ஆனார். அவர் உயிரோடிருந்தபோதே எழுதப்பட்ட வரலாற்று நூலொன்று, இளமையில் அவர் செய்த பயிற்சிகளை விவரிக்கிறது. தலைக்கவசத்தை மட்டும் கழற்றிவிட்டு, மற்ற கவசங்களோடு குட்டிக்கரணம் போடுவாராம். எஃகுச் சட்டையோடு, சாய்த்து வைத்த ஏணியின் அடிப்பக்கத்தில் தொங்கியபடி, கால் படாமல் கைகளாலேயே தாவித் தாவி உச்சிக்குப் போவாராம். புகழ்பாடும் நூல்தான், கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் நடக்காத காரியமல்ல.

முழுக் கவசம் 20, 30 கிலோ இருக்கும். மூட்டை போல அது முதுகில் மட்டும் தொங்குவதில்லை. தோள், இடுப்பு, கை, கால் என்று பிரிந்து, உடம்போடு ஒட்டி உட்காரும். முழங்கை, முழங்கால் பகுதிகளில் சிறு தகடுகள் மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று நகர்ந்து கொடுக்கும். அதனால் மடக்கலாம், குனியலாம், குதிரையில் தாவி ஏறலாம்.

சரி, எங்கே இடிக்கிறது? காலில்தான். முதுகுச் சுமை உடம்போடு சேர்ந்து நகரும். காலில் கட்டிய இரும்பையோ ஒவ்வொரு அடிக்கும் தூக்கி, முன்னால் வீசி, நிறுத்த வேண்டும். 2011-இல் வெளிவந்த ஆய்வொன்றில், கவசச் சண்டையில் பழகியவர்களையே ஓடுபொறியில் நடக்கவிட்டு அளந்தார்கள். நடக்க வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றல் செலவானது. நெஞ்சைச் சுற்றிய தகடு மார்பை விரியவிடாததால், ஆழமாக மூச்சிழுக்காமல் மேலோட்டமாக, அடிக்கடி மூச்சு வாங்கினார்கள்.

இப்போது பிரான்சில் பிரெஞ்சுப் படையும் ஆங்கிலேயப் படையும் மோதிய அஜின்கோர்ட் போர்க்களத்துக்கு வருவோம். 1415 அக்டோபர் 25. புதிதாக உழுத வயல், முந்தின இரவு மழை. பிரெஞ்சு முன்னணிப் படையில் பூசிக்கோ. கனம் கூடக்கூடக் கால் ஆழமாகப் புதையும். சேறு கவ்விப் பிடித்த காலைப் பிடுங்கி எடுக்க இன்னும் ஆற்றல் போகும். எதிரே ஆங்கிலேயரின் அம்பு மழை. அதற்குப் பயந்து தலைக்கவசத்தின் முகமூடியை இறக்கினால், வருகிற கொஞ்சநஞ்சக் காற்றும் குறையும். சில நூறு மீட்டர் நடந்து எதிரியை எட்டுவதற்குள்ளேயே பலருக்கு மூச்சு முட்டியிருக்கும்.

அன்று பூசிக்கோ சிறைபிடிக்கப்பட்டார். 1396-இல் நிக்கோபோலிஸ் போரில் துருக்கியரிடம் பிடிபட்டபோது பணம் கட்டி மீட்டார்கள். இந்த முறை விடுதலை வரவில்லை. 1421-இல் இங்கிலாந்தில் கைதியாகவே இறந்தார்.