"எங்கே போய் வந்தீர்கள்?" என்று எவரும் கேட்காத ஒன்பது நாட்கள்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமமொன்றைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், மேற்கு ஆபிரிக்க நாடொன்றில் கட்டுமான வேலையை முடித்துக்கொண்டு வீடு திரும்பிய இரண்டாவது வாரத்தில் காய்ச்சலில் விழுந்தார். முதல் மூன்று நாட்கள் பனடோலுடன் கழிந்தன. நான்காம் நாள் பார்த்த வைத்தியர் மருந்து எழுதிக்கொடுத்தார். ஆறாம் நாள் டெங்குப் பரிசோதனை செய்யப்பட்டு, தொற்று இல்லை என்றானதும் "வைரஸ் காய்ச்சல், தானாக மாறிவிடும்" என்று அனுப்பப்பட்டார். ஒன்பதாம் நாள் கண்கள் மஞ்சளாகி, பேச்சுக் குழறிய நிலையில் அவரை எங்களிடம் கொண்டுவந்தார்கள். குருதிப் பூச்சை நுணுக்குக்காட்டியில் வைத்தபோது, மலேரியாவின் மிகக் கடுமையான வகையை உண்டாக்கும் பல்சிபாரம் ஒட்டுண்ணிகள் நிறைந்து கிடந்தன. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த ஒன்பது நாட்களில் அவரைப் பார்த்த எவரும் அவர் எங்கே போய் வந்தார் என்று கேட்கவில்லை. அவருக்கும் அதைச் சொல்லத் தோன்றவில்லை. இத்தகைய நோயாளி எனக்கு இவர் முதலாமவர் அல்லர்; அதனால்தான் எழுதுகிறேன்.

"இலங்கையில்தான் மலேரியா இல்லையே!" இந்த வாக்கியத்தைப் பொதுமக்களிடம் கேட்கும்போது பொறுத்துக்கொள்கிறேன், வைத்தியத் துறையினரிடமே கேட்கும்போது மனம் நொந்துபோகிறேன். 2012 ஒக்டோபருக்குப் பின் உள்நாட்டில் தொற்றிய நோயாளி எவரும் இனங்காணப்படாததால், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழை வழங்கியது. அந்தச் சான்றிதழ் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இந்த மண்ணில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நோய் பரவும் சங்கிலி அறுந்திருக்கிறது. நோயைக் காவும் நுளம்பு அழிந்துவிட்டது என்றோ, காவும் ஆற்றலை அது இழந்துவிட்டது என்றோ அது சொல்லவில்லை. எங்கள் பிரதான காவியான அனோபிலிஸ் குலிசிபேசிஸ் இன்றும் வரண்ட வலயத்தில் வாழ்கிறது. ஆறு வற்றும் காலத்தில் மணற்படுக்கையில் தேங்கும் தெளிந்த நீர்க்குட்டைகள் அதற்குப் போதும். போதாக்குறைக்கு, கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் பெருகி நகர்ப்புறத்திலும் நோயைப் பரப்பவல்ல அனோபிலிஸ் ஸ்டெபன்சி 2016 இறுதியில் மன்னாரில் கண்டறியப்பட்டு, பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. ஆக, நுளம்பு இருக்கிறது, மனிதர் இருக்கிறோம். இல்லாதது ஒட்டுண்ணி மட்டும். அது மனிதரின் குருதியோடு விமானத்தில் வந்து இறங்கக்கூடியது.

இந்த இடத்தில்தான் கணித மாதிரிகள் எங்களுக்கு உதவுகின்றன. மலேரியாவை நுளம்பே பரப்புகிறது என்பதை 1897இல் செகந்திராபாத்தில் கண்டறிந்த றொனால்ட் றொஸ், நோயை ஒழிக்க எல்லா நுளம்புகளையும் கொல்லத் தேவையில்லை, ஒரு குறித்த எல்லைக்குக் கீழே அவற்றைக் குறைத்தாலே போதும் என்பதைச் சமன்பாடுகளால் காட்டினார். 1950களில் ஜோர்ஜ் மக்டொனால்ட் அதை விரித்து, நுளம்பின் எண்ணிக்கையைவிட அதன் ஆயுளே முக்கியம் என்றார். நுளம்பின் உடலில் ஒட்டுண்ணி முதிர ஏறத்தாழப் பத்து நாட்கள் ஆகும். நாளொன்றுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு நுளம்புகள் உயிர்தப்பினால் பத்தாம் நாளில் முப்பத்தைந்து எஞ்சும்; எண்பது மட்டுமே தப்பினால் எஞ்சுவது பதினொன்று. வீட்டுச் சுவரில் மருந்து தெளிப்பதன் பலம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. நுளம்பு ஒரு முறை கடித்து ஒட்டுண்ணியைப் பெற்று, மறுமுறை கடித்துக் கொடுக்க வேண்டும் என்பதால் கடிக்கும் வீதம் சமன்பாட்டில் இருமுறை பெருக்கப்படுகிறது. எங்கள் குலிசிபேசிஸ் மாட்டையே பெரிதும் நாடும் என்பது, இந்த ஒரு காரணத்தால், எங்களுக்குப் பெரிய பாதுகாப்பு.

இடப்பெயர்வை இதில் சேர்த்தால் கணக்கு வேறாகிறது. ஒரு நோயாளியிடமிருந்து சராசரியாக எத்தனை பேருக்குப் பரவும் என்ற எண் ஒன்றுக்குக் குறைவாக இருக்கும் ஊரில் நோய் தானாக அணைந்துவிடும். ஆனால் வெளியிலிருந்து நோயாளிகள் வந்துகொண்டிருந்தால் அது முற்றாக அணையாது. அந்த எண் 0.5 ஆக இருக்கும்போது பத்துப் பேர் நோயோடு வந்தால், பரவல் ஓயும்போது அவர்களையும் சேர்த்து மொத்தம் இருபது பேர் நோயுற்றிருப்பர். அது 0.9 ஆக இருந்தால் நூறு பேர். ஒன்றைத் தாண்டிவிட்டால் எண்ணிச் சொல்ல முடியாது. வந்தவர்கள் அதே பத்துப் பேர்தான். மாறியது நாங்கள் அவர்களை எத்தனை நாளில் கண்டுபிடிக்கிறோம் என்பதும், சுற்றியுள்ள நுளம்பின் நிலையுமே. ஒருவர் ஒட்டுண்ணியைப் பரப்பக்கூடிய நிலையில் இருக்கும் நாட்களின் எண்ணிக்கை அந்த எண்ணை நேராகவே பெருக்குகிறது. பல்சிபாரத்தில், நுளம்புக்குத் தொற்றக்கூடிய வடிவம் குருதியில் தோன்ற, காய்ச்சல் தொடங்கியதிலிருந்து ஏறத்தாழப் பத்து நாட்கள் செல்லும். எனவே முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துச் சிகிச்சையளித்தால், பரவல் தொடங்கும் முன்பே முடிந்துவிடுகிறது. நான் சொன்ன இளைஞருக்குக் கடந்துபோனவை ஒன்பது நாட்கள். மலேரியாவின் இன்னொரு வகையான வைவக்ஸில் இந்த அவகாசமும் கிடையாது. காய்ச்சல் உணரப்படும்போதே தொற்றும் வடிவம் குருதியில் இருக்கலாம்.

இதெல்லாம் ஏட்டுக்கணக்கு என்று நினைப்பவர்களுக்கு 1963ஐ நினைவூட்டுகிறேன். அந்த ஆண்டு நாடு முழுவதும் பதிவானவர்கள் 17 பேர் மட்டுமே. தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்புத் தளர்ந்தது, மாணிக்கக்கல் அகழ்வுக்கும் சேனைப் பயிர்ச்செய்கைக்கும் மக்கள் திரள்திரளாக இடம்பெயர்ந்தார்கள். 1969இல் நோயாளிகளின் எண்ணிக்கை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. அண்மைய காலத்துக்கு வருவோம். 2018 இறுதியில், வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்த ஒருவரிடமிருந்து மொனராகலை மாவட்டத்தில் உள்நாட்டவர் ஒருவருக்கு வைவக்ஸ் மலேரியா தொற்றியது. உடனடி நடவடிக்கையால் பரவல் அங்கேயே நின்றது.

ஆகவே வெளிநாடு செல்வோரிடம் ஒரு வேண்டுகோள். ஆபிரிக்காவுக்கோ, இந்தியாவின் மலேரியா உள்ள பகுதிகளுக்கோ, யாத்திரையாகவோ தொழிலுக்காகவோ போகுமுன், மலேரியா தடுப்பு இயக்கத்தின் பிராந்திய அலுவலகத்தை நாடித் தடுப்பு மாத்திரைகளைக் கேளுங்கள், அவை இலவசம். ஊர் திரும்பியதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சில மருந்துகளைத் திரும்பிய பின்னும் நான்கு வாரங்கள் உட்கொள்ள வேண்டும். வந்து ஓராண்டுக்குள் எப்போது காய்ச்சல் வந்தாலும், வைத்தியரிடம் முதலில் சொல்ல வேண்டியது எந்த நாட்டில் இருந்தீர்கள் என்பதையே. அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். வெளியே போனது பற்றிச் சொன்னால் விசாவுக்கோ வேலைக்கோ பிரச்சினை வருமென்று அஞ்சி மறைத்தவர்களையும் நான் கண்டிருக்கிறேன். அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் உயிர் போனபின் விசாவால் பயனில்லை, தயவுசெய்து மறைக்காதீர்கள்.

சக வைத்தியர்களுக்கும் தாதியர்களுக்கும் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். டெங்கு இல்லை என்பது மலேரியா இல்லை என்பதற்குச் சான்றாகாது. பயண வரலாறு உள்ள எந்தக் காய்ச்சலுக்கும் அன்றே குருதிப் பூச்சையும் விரைவுப் பரிசோதனையையும் செய்யுங்கள். முதல் பரிசோதனையில் ஒட்டுண்ணி தெரியாவிட்டால் அடுத்த இரண்டு நாட்களிலும் மீண்டும் பாருங்கள். உறுதியானால் தொலைபேசியில் உடனே அறிவியுங்கள். தபாலில் வரும் படிவத்துக்காக நுளம்பு காத்திருப்பதில்லை. வைவக்ஸ் என்றால் ஈரலில் உறங்கும் ஒட்டுண்ணிக்காகப் பிரைமாகுவின் மருந்தைப் பதினான்கு நாட்களும் முழுமையாகக் கொடுங்கள், அதற்கு முன் செங்குருதிக் கலங்களைக் காக்கும் நொதியான ஜி6பிடியின் குறைபாட்டைப் பரிசோதியுங்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களை வரவழைக்கும் ஒப்பந்தக்காரர்கள் அவர்களின் பெயர்ப்பட்டியலைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு முன்கூட்டியே கொடுத்தால், நாங்கள் வந்து அங்கேயே பரிசோதித்துவிடுவோம்.

அந்த இளைஞர் வீடு திரும்பிய பின், அவரது வீட்டைச் சுற்றியுள்ள கிணறுகளிலும் வாய்க்கால்களிலும் மாட்டுப் பட்டியிலும் எங்கள் குழுவினர் நாள்தோறும் நுளம்பும் குடம்பியும் தேடினார்கள். அயல்வீட்டுக்காரர்கள் அனைவரின் குருதியும் எடுக்கப்பட்டது. இதுவரை எவருக்கும் தொற்றவில்லை. இன்னும் சில வாரங்களுக்கு அந்த வீடுகளுக்குப் போய், காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருப்போம்.