கைத்துப்பாக்கியில் பொறித்த எண்ணும் உரிமத்தில் உள்ள எண்ணும்: சட்டம் சொல்வது என்ன?

துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்கள் புதுப்பிக்கும் தேதியைக் கவனமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் உரிமத்தில் எழுதியிருக்கும் எண்ணும் ஆயுதத்தில் பொறித்திருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பலர் பார்ப்பதில்லை. தந்தை, தாத்தா வழியாக வந்த பழைய ரிவால்வர் வீட்டில் இருந்தால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. எண்ணில் கோளாறு இருந்தால் சட்டத்தின் பார்வை முதலில் விழுவது அதை வைத்திருப்பவர்மீதுதான்.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8ஆவது பிரிவு இதைப் பேசுகிறது. துப்பாக்கியில் உள்ள தயாரிப்பாளர் பெயர், எண், மற்ற அடையாளக் குறிகள் எதையும் அழிப்பது, நீக்குவது, மாற்றுவது, போலியாகப் பொறிப்பது எல்லாமே குற்றம். அடையாளம் இல்லாத துப்பாக்கியை விற்பதோ கைமாற்றுவதோ கூடாது. மூன்றாவது உட்பிரிவுதான் கடுமையானது. குறி இல்லாத, அல்லது குறி அழிக்கப்பட்ட துப்பாக்கி ஒருவரிடம் இருந்தால், அவரே அழித்தார் என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அவர் பொறுப்பு. சட்டம் 1962 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு இந்த உட்பிரிவிலிருந்து ஓராண்டு விலக்கு தரப்பட்டது. ஆகவே, ‘அந்தக் காலத்துத் துப்பாக்கி, அப்படித்தான் வந்தது’ என்ற விளக்கம் மட்டும் இன்று போதாது. பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு 45ஆவது பிரிவில் விலக்கு உண்டு. சுடக்கூடிய ரிவால்வர் அதில் வராது.

2019ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னொரு படி மேலே போனது. முறையான குறி இல்லாத துப்பாக்கிகளை வாங்குவது, விற்பது, கொண்டுசெல்வது ஆகியவை சட்டவிரோத ஆயுதக் கடத்தலின் வரையறைக்குள் வந்தன. அந்தக் குற்றத்துக்குக் குறைந்தது 10 ஆண்டுச் சிறை, அதிகபட்சம் ஆயுள் தண்டனை.

இனி துப்பாக்கியைப் பார்ப்போம். குண்டு ஏதும் உள்ளே இல்லை என்று உறுதிசெய்த பிறகே கையில் எடுங்கள். பழக்கம் இல்லாதவர்கள் உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடம் கேட்பதே நல்லது. வெப்லி அண்ட் ஸ்காட் போன்ற பழைய பிரிட்டிஷ் ரிவால்வரில் நிறுவனத்தின் பெயர், ஊர், குழல் அளவு எல்லாம் தனித்தனியாக இருக்கும். கூடவே சிறு கிரீடமும் அதன் கீழ் இரண்டு மூன்று ஆங்கில எழுத்துகளும் தெரியும். அவை பர்மிங்காமில் 1813இல் சட்டப்படி நிறுவப்பட்ட சோதனைக் கூடத்தின் முத்திரைகள். அந்த ஆயுதம் வெடியழுத்தத்தைத் தாங்குகிறது என்பதற்கான சான்று அது; தயாரிப்பாளர் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனியாகப் பொறிக்கும் வரிசை எண் அல்ல. காப்புரிமை எண், அழுத்த அளவைக் குறிக்கும் எண், ‘.32’ என்ற குழல் அளவு ஆகியவற்றையும் வரிசை எண் என்று தவறாகக் குறித்துவிட வாய்ப்புண்டு.

வரிசை எண்ணை முதலில் சட்டகத்தில், அதாவது மற்ற பாகங்களைத் தாங்கும் உடற்பகுதியில், தேடுங்கள். சில ரிவால்வர்களில் அது கைப்பிடியின் அடிப்பகுதியில் இருக்கும்; பெரிய பிடிப்பலகை மாட்டியிருந்தால் மறைந்துவிடும். சில தயாரிப்புகளில் சிலிண்டரிலும் குழலிலும் அதே எண் மீண்டும் இருக்கும். அவை வேறுபட்டால் உதிரிபாகம் மாற்றப்பட்டிருக்கலாம். எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்தையும் சேர்த்து எழுதுங்கள். ஆங்கில எழுத்து ‘ஓ’வும் பூஜ்யமும், ‘ஐ’யும் ஒன்றும் குழப்பம் தரும் இடங்கள்.

உரிமத்தில் இருக்கும் தனித்துவ அடையாள எண்ணை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது தேசியத் தரவுத்தளத்தில் உரிமதாரருக்கு வழங்கப்பட்ட எண். ஆயுதத்தின் எண் வேறு.

துரு பிடித்திருக்கிறது என்று உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். மெருகு ஏற்றும் வேலையில் ஆழம் குறைந்த எழுத்துகள் மழுங்கிவிடும். நல்ல எண்ணத்தோடு செய்தீர்கள் என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும். மங்கிய எண்ணின்மேல் புதிதாகப் பொறிப்பது அதைவிட ஆபத்து. எண் குத்தும்போது அடியில் உள்ள உலோகமும் இறுகிப்போகிறது. மேற்பரப்பைத் தேய்த்துவிட்டாலும், தடய அறிவியல் ஆய்வகத்தில் அமிலம் தடவினால் பழைய எண் பல நேரங்களில் மீண்டும் தெரிந்துவிடும்.

எண் பொருந்தவில்லை என்றால், உரிமம் வழங்கிய அதிகாரிக்கு, அதாவது மாவட்ட ஆட்சியருக்கோ மாநகரக் காவல் ஆணையருக்கோ, எழுத்துமூலம் தெரிவித்துத் திருத்தம் கேளுங்கள். வாங்கிய ரசீது, பழைய உரிமத்தின் பிரதி இருந்தால் இணைத்துக்கொள்ளுங்கள். உரிமத்தில் நீங்களாகவே பேனாவால் திருத்தாதீர்கள்.

உரிமதாரர் இறந்துவிட்டால் வாரிசுகள் ஆயுதத்தை அலமாரியில் வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. 21ஆவது பிரிவின்படி தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். அப்போதும் சரி, தேர்தல் நேரத்தில் ஒப்படைக்கும்போதும் சரி, ஒப்புகைச் சீட்டில் தயாரிப்பாளர் பெயர், குழல் அளவு, வரிசை எண் மூன்றும் இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். ‘ரிவால்வர் ஒன்று’ என்று மட்டும் எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள்.

சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்ததை, வைத்துக்கொள்ளும் தகுதியுள்ள இன்னொருவருக்கு விற்பதானால், வாங்குபவரின் பெயர், முகவரியுடன் மாவட்ட நிர்வாகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ முன்கூட்டியே எழுதித் தெரிவித்து 45 நாள் பொறுத்திருக்க வேண்டும். அந்தக் கடிதத்திலும் வரிசை எண்ணை, துப்பாக்கியில் இருக்கிறபடியே, எழுத்து பிசகாமல் குறிப்பிடுங்கள்.