ஐப்பசியில் நிற்கும் தண்ணீருக்குச் சித்திரையிலேயே பேச ஓர் இடம்: கடலூர்க்காரர்களுக்குப் பகுதி சபை விளக்கம்

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் கடலூரில் எந்தெந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்று பால் ஊற்றுகிறவருக்குக்கூடத் தெரியும். வண்டியை எந்த முனையில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும் என்பதுவரை அவருக்கு அத்துப்படி. தண்ணீர் வாசற்படியைத் தொட்டதும் கவுன்சிலருக்குப் போன் போகும். மோட்டார் வந்து இறைத்துவிட்டுப் போகும். அடுத்த ஐப்பசியிலும் அதே தெரு, அதே மோட்டார்.

அந்தத் தெருவைப் பற்றி வெயில் காலத்திலேயே உட்கார்ந்து பேச சட்டப்படி ஓர் இடம் இருக்கிறது. அதன் பெயர் பகுதி சபை. உங்கள் பெயர் உங்கள் வார்டின் வாக்காளர் பட்டியலில் இருந்தால் நீங்கள் அதில் உறுப்பினர். கட்டணம் கிடையாது, விண்ணப்பம் கிடையாது, யாரும் சிபாரிசு செய்ய வேண்டியதில்லை. இது பலருக்கு இன்னும் தெரியாமலே இருப்பது எனக்குப் பெரிய வருத்தம். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கிராமத்துக்காரர்களுக்குக் கிராம சபை பழகிய விஷயம். அரசியல் சட்டமே அதைச் சொல்கிறது. நகரத்தில் இருப்பவர்களுக்கு அப்படி ஒன்று நெடுநாள் இல்லை. 1993 ஜூன் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சிகளுக்கு வார்டு குழுக்களைப் பற்றிப் பேசியது உண்மைதான். ஆனால் 3 லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள ஊர்களில்தான் அது கட்டாயம். 2011 கணக்கெடுப்பில் கடலூர் நகராட்சியின் மக்கள்தொகை 1,73,636. அந்தக் கணக்கில் நாம் வெளியே நின்றோம். 1866-லேயே நகராட்சி ஆன ஊர் என்று பெருமை பேசுகிறோம். அவ்வளவு பழைய நகராட்சியில் ஒரு தெருவாசி அதிகாரபூர்வமாக எழுந்து நின்று பேச ஒரு கூட்டம் இல்லாமல்தான் இருந்தது.

கடலூர் 2021-இல் மாநகராட்சி ஆனது. 45 வார்டுகள். 2022 பிப்ரவரி 19 அன்று தேர்தல் நடந்து, சுந்தரி ராஜா முதல் மேயர் ஆனார். அதே 2022-இல் தமிழக அரசு வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகளைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாள் அன்று, மாநிலத்தின் நகரங்களில் முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. இதில் 3 லட்சம் என்ற வரம்பு நமக்குக் குறுக்கே நிற்கவில்லை.

அமைப்பு எளிதுதான். ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரிப்பார்கள். 5 லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள மாநகராட்சியில் ஒரு வார்டுக்கு நான்கைந்து பகுதிகள். ஒரு பகுதி என்பது சில தெருக்கள் அளவில் வந்து நிற்கும். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பிரதிநிதியை மாமன்றம், அதாவது கவுன்சிலர்கள் எல்லோரும் கூடும் மாநகராட்சி மன்றம், நியமிக்கும். அந்தப் பிரதிநிதிகள் சேர்ந்ததுதான் வார்டு குழு, அதற்குக் கவுன்சிலர் தலைவர். ஆக, மேலே மாமன்றம், நடுவில் வார்டு குழு, அடியில் பகுதி சபை. சபையில் வாக்காளர் எல்லோருக்கும் இடம். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது கணக்கு. பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ கூட்டுவார்கள். எங்கே, எப்போது என்பதைக் கவுன்சிலரிடமோ பகுதிப் பிரதிநிதியிடமோ முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பகுதிப் பிரதிநிதி யார் என்று தெரியாவிட்டால் அதுவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

சரி, அங்கே போய் என்ன பேசலாம்? தெருவிளக்கு, குடிநீர், குப்பை, மழைநீர் வடிகால், தெருச் சாலை, பூங்கா, பொதுக் கழிப்பிடம். எந்த வேலை முதலில் நடக்க வேண்டும் என்று வரிசை சொல்லலாம். மாநகராட்சிக்குள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரிவு இருக்கிறது. சாலை, வடிகால், குடிநீர், விளக்கு எல்லாம் பொறியியல் பிரிவு. குப்பை, கொசு, தூய்மைப் பணியெல்லாம் பொது சுகாதாரப் பிரிவு. கட்டட அனுமதியும் ஆக்கிரமிப்பும் நகரமைப்புப் பிரிவு. வீட்டு வரியும் பெயர் மாற்றமும் வருவாய்ப் பிரிவு.

மாநகராட்சியின் கையில் இல்லாத விஷயங்களும் நிறைய உண்டு. தென்பெண்ணையிலோ கெடிலத்திலோ கரை மீறி வரும் வெள்ளம் நீர்வளத் துறையின் பொறுப்பு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை ஒட்டி, சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை பொங்கியதே, அதற்கும் தெருமுனைச் சாக்கடைக்கும் தொடர்பு இல்லை. பெரிய சாலைகள் சில நெடுஞ்சாலைத் துறையுடையவை, அவற்றின் ஓரத்து வடிகாலும் அவர்களுடையதுதான். சாய்ந்த மின்கம்பம் மின் வாரியத்துக்கு. சபையில் இவற்றையும் சொல்லலாம், தவறில்லை. ஆனால் பதில் "அந்தத் துறைக்கு எழுதுகிறோம்" என்பதாகத்தான் இருக்கும். நம் தெருவில் தண்ணீர் நிற்பது எதனால் என்று முதலில் நாமே நடந்து பார்த்துவிட்டுப் போவது நல்லது.

வண்டிப்பாளையத்தில் ஒரு தெரு என்று வைத்துக்கொள்வோம். "எங்கள் தெருவில் சாக்கடை சரியில்லை, ஆவன செய்யவும்" என்று எழுதினால் அது மனு ஆகுமே தவிர வேலை ஆகாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "கதவு எண் 14 முதல் 22 வரை, கிழக்குப் பக்கம், சுமார் 60 மீட்டர் நீளத்துக்கு வடிகால் தூர்ந்திருக்கிறது. 17-ஆம் எண் வீட்டின் எதிரே மூன்று சிலாப்புகள் உடைந்துள்ளன. மழை விட்டு இரண்டு நாள் ஆன பிறகும் தண்ணீர் முழங்கால் அளவு நிற்கிறது." இளநிலைப் பொறியாளர் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தால் எங்கே நிற்க வேண்டும் என்று இந்த மூன்று வரியே அவருக்குச் சொல்லிவிடும். கூடவே மழைக்காலத்தில் எடுத்த போட்டோ ஒன்று. ஏப்ரல் மாத வெயிலில் அந்த இடத்தைப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. தண்ணீர் நிற்கும்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சுவரில் ஈரக்கோடு தெரிகிற மாதிரி.

மனுவுக்கு இரண்டு பிரதி வேண்டும். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதியுடன் முத்திரையோ கையெழுத்தோ வாங்கிக்கொள்ள வேண்டும். பல வருஷத்துக்கு முன்னால் ஓர் அலுவலகத்தில் நான் கொடுத்த மனுவைப் பற்றி விசாரிக்கப் போனபோது, அப்படி ஒன்று வரவே இல்லை என்றார்கள். பையிலிருந்து முத்திரை குத்திய நகலை எடுத்து மேஜைமேல் வைத்தேன். பத்து நிமிஷத்தில் மனு கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து நகல் இல்லாமல் நான் எந்த மனுவும் கொடுப்பதில்லை. சபையிலும் அப்படித்தான். வாயால் சொன்னதோடு விடாமல், நீங்கள் சொன்னது கூட்டக் குறிப்பில் ஏறியதா என்று அங்கேயே கேளுங்கள். குறிப்பில் ஏறியது வார்டு குழுவுக்குப் போகும். ஏறாதது அங்கேயே நின்றுவிடும்.

அதற்குப் பிறகு அந்தக் காகிதம் போகும் வழி தெரிந்திருந்தால்தான் எந்த இடத்தில் நிற்கிறது என்று கேட்க முடியும். வார்டு குழு முன்னுரிமை கொடுத்த வேலைக்குப் பொறியியல் பிரிவு எஸ்டிமேட் போடும். மதிப்பீடு என்று காகிதத்தில் இருக்கும், வாயில் எஸ்டிமேட்தான். தொகை சிறியதாக இருந்தால் ஆணையர் அளவிலேயே அனுமதி கிடைக்கும். பெரியதாக இருந்தால் மாமன்றக் கூட்டத்துக்குப் "பொருள்" ஆக வரும். மாமன்றம் வழக்கமாக மாதம் ஒருமுறை கூடுகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், கீழே அலுவலகக் குறிப்பு, நிறைவேறினால் தீர்மான எண். "மாமன்றத்தில் 60 தீர்மானங்கள் நிறைவேற்றம்" என்று செய்தி வருகிறதே, அந்த அறுபதில் ஒன்று உங்கள் தெரு வடிகாலாக இருக்கலாம். தீர்மான எண்ணையும் தேதியையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எங்கே போனாலும் அந்த இரண்டும்தான் முதலில் கேட்பார்கள்.

அனுமதிக்குப் பிறகு டெண்டர். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இலிருந்து இருக்கிறது. 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் என்றால் 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்பது அதன் விதி. அப்புறம்தான் வேலை உத்தரவு. இப்போது நாட்களை எண்ணிப் பாருங்கள். ஏப்ரலில் சபையில் பேசினால் மே மாதம் எஸ்டிமேட், ஜூனில் மாமன்றம், ஜூலையில் டெண்டர், ஆகஸ்ட், செப்டம்பரில் வேலை. எல்லாம் சரியாக நடந்தால்கூட வடகிழக்குப் பருவமழைக்குச் சில வாரம் முன்னால்தான் சிலாப் போட்டு முடியும். ஆகஸ்டில் போய்க் கேட்டால் பள்ளம் தோண்டிய நிலையில் மழை வந்துவிடும், அது முன்பிருந்ததைவிட மோசம். இடையில் தேர்தல் அறிவித்துவிட்டால் நடத்தை விதிகள் முடியும்வரை புதிய வேலை தொடங்காது. அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

தூர்வாருவதற்கு இவ்வளவு நடை தேவையில்லை, அதைச் சபையிலேயே தேதி கேட்டு வாங்கலாம். ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். அடைப்பு எடுக்க ஆளை உள்ளே இறக்குங்கள் என்று அவசரத்தில்கூட யாரும் கேட்டுவிடக் கூடாது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் பாதாள சாக்கடைக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ மனிதரை இறக்குவது, கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஆளமர்த்துவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நம் வாசலில் தண்ணீர் வடிய ஒருவர் உயிர் போவதற்கு நாம் காரணமாகக் கூடாது. எந்திரம் வரச் சொல்லுங்கள், ஒரு நாள் தாமதமானாலும் பரவாயில்லை.

பணம் இல்லை என்ற பதில் அடிக்கடி வரும். சில நேரம் அது உண்மையும்கூட. மாநகராட்சியின் கணக்கு வருவாய் நிதி, குடிநீர் வடிகால் நிதி, கல்வி நிதி என்று பிரிந்திருக்கும். ஒன்றில் இருக்கும் பணத்தை இஷ்டப்படி இன்னொன்றுக்கு எடுக்க முடியாது. அதனால் "நிதி இல்லை" என்றால் எந்த நிதியில் இல்லை என்று கேட்கலாம். நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும் என்ற ஏற்பாடு உண்டு. கொஞ்சம் வசதியுள்ளவர்கள் இருக்கும் தெருக்கள் இதை யோசிக்கலாம். கூலி வேலைக்குப் போகிறவர்கள் வாழும் தெருவிடம் இதைச் சொல்வது நியாயமில்லை என்பது என் கருத்து, அங்கே மாநகராட்சிதான் முழுசாகச் செய்ய வேண்டும்.

  

இவ்வளவும் செய்து, தீர்மானமும் ஆகி, வேலை நகராவிட்டால்? அல்லது வேலை முடிந்ததாகச் சொல்கிறார்கள், தண்ணீர் மட்டும் நிற்கிறது என்றால்? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு விரைவுத் தபாலில் அனுப்பினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் அசையாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். காரணமில்லாமல் இழுத்தடிக்கும் அலுவலருக்கு ஒரு நாளைக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

"ஏன் செய்யவில்லை" என்று அதில் கேட்காதீர்கள், காரணம் கேட்கும் கேள்விக்கு நழுவலாகத்தான் பதில் வரும். ஆவணத்தைக் கேளுங்கள். இன்ன தேதியிட்ட மாமன்றத் தீர்மானம் எண் இதன்படி எடுக்கப்பட்ட வேலையின் எஸ்டிமேட் நகல், வேலை உத்தரவு நகல், பட்டுவாடா செய்த தொகை, அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள். இந்த அளவுப் புத்தகத்தைத்தான் அலுவலகத்தில் எம்-புக் என்பார்கள். முடித்த வேலையின் நீளம், அகலம், ஆழம் எல்லாம் பொறியாளர் கையெழுத்துடன் அதில்தான் ஏறும், அதை வைத்துத்தான் ஒப்பந்தக்காரருக்குப் பில் போகும். வேலை நடந்த இடத்தை நேரில் பார்வையிடவும், போட்ட கலவையில் மாதிரி எடுக்கவும்கூட அந்தச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு உரிமை தருகிறது.

நகல் கைக்கு வந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். டேப்பின் ஒரு முனையை அவர் கதவு எண் 14-இல் பிடிக்கட்டும், நீங்கள் 22 வரை இழுத்துக்கொண்டு போங்கள். எம்-புக்கில் 60 மீட்டர் என்று இருந்தால் தரையிலும் 60 மீட்டர் இருக்க வேண்டும். குறைந்தால் எவ்வளவு குறைகிறது என்று தேதி போட்டு எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, அடுத்த பகுதி சபைக்கு இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள்.