முட்பிளம்: பிளாக்தார்னைக் கருவேலம் என்பது ஏன் தவறு?

'இங்கிலாந்தில் வயல்களைச் சுற்றிக் கருவேல வேலி வளர்க்கிறார்கள்' என்ற வாக்கியம் இந்த ஓராண்டுக்குள் மூன்று முறை என் கண்ணிலும் காதிலும் பட்டுவிட்டது. முதலில் ஒரு பயணக் கட்டுரையின் மொழிபெயர்ப்பில் படித்தேன்; அவசரத்தில் நேர்ந்த பிழை என்று விட்டுவிட்டேன். பிறகு ஓர் ஆவணப்படத்தின் தமிழ்க் குரலில் கேட்டேன். மூன்றாவதாக, ஒரு மாணவர் அதே வாக்கியத்தைத் தம் கட்டுரையில் எடுத்தாண்டு, 'நம் ஊருக்குச் சீமைக் கருவேலம் வந்தது இப்படித்தான்' என்று தம் விளக்கத்தையும் சேர்த்திருந்தார். ஒரு பெயரைத் தவறாகப் பெயர்த்ததால் இல்லாத வரலாறு ஒன்றே பிறந்துவிட்டது. இனியும் பேசாமலிருப்பது சரியன்று.

இப்படிக் கருவேலம் ஆக்கப்பட்ட அந்த வேலிச் செடிக்கு ஆங்கிலத்தில் பிளாக்தார்ன் என்றும் அதன் பழத்துக்கு ஸ்லோ என்றும் இரண்டு பெயர்கள் உண்டு. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு இட்ட தாவரவியல் பெயர் புருனஸ் ஸ்பினோசா. புருனஸ் என்பது பிளம், செர்ரி, பாதாம் ஆகியவற்றை உள்ளடக்கிய பேரினம். ஸ்பினோசா என்றால் முள்ளுடையது. பட்டை கருத்திருப்பதால் பிளாக்தார்ன் என்று பெயர் வந்தது. வெளிர்ப்பட்டை கொண்ட ஹாதார்ன் என்ற வேறொரு வேலிச் செடியை வெண்முள் என்ற பொருளில் வைட்தார்ன் என்பார்கள். அதற்கு எதிரிணையாக நிற்கும் பெயர் இது. ஸ்லோ என்பது பழைய ஆங்கிலத்தில் ஸ்லா என்று வழங்கியது. ஜெர்மன் மொழியில் ஷ்லேஹே, டச்சு மொழியில் ஸ்லே. ஸ்லாவிய மொழிகளில் பிளம்மைக் குறிக்கும் ஸ்லிவா என்ற சொல்லும் இதற்கு உறவு என்றும், நீல நிறத்தைக் குறிக்கும் ஒரு பழைய வேர் இவற்றுக்கெல்லாம் மூலம் என்றும் சொல்லாய்வாளர் கூறுவர். வேர்ச்சொல் கதை இவ்வளவு போதும்.

இனி, கருவேலம் என்ற பெயர்ப்பு ஏன் பொருந்தாது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இதைச் செய்பவர்கள் 'கருப்பு, முள் இரண்டும் சேர்ந்தால் கருவேல்தானே' என்று நினைக்கிறார்கள். கருவேலம் அவரைக் குடும்பத்து மரம். மஞ்சள் நிறத்தில் உருண்டைப் பூக்கள் பூக்கும். மணிகளைக் கோத்ததுபோல் விதைக்கு விதை இடுங்கிய நெற்றுகள் காய்க்கும். ஆடுகள் அந்த நெற்றுக்காகக் காத்துக் கிடக்கும். அதன் முட்கள் இலையடியில் இணையிணையாக வெளுத்து நீண்டிருக்கும். பிளாக்தார்ன் ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் நெற்று இல்லை, ஒற்றைக் கொட்டையுள்ள சதைக்கனி உண்டு. அதன் முள்ளே ஒரு குறுங்கிளைதான். பக்கவாட்டில் கிளைக்கும் சிறு கொம்பு நுனி கூர்ந்து முள்ளாகி நிற்கிறது, அந்த முள்ளின்மீதே மொட்டும் அரும்புகிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் இலை துளிர்க்கும் முன்பே கரிய கிளைகள் முழுவதும் வெள்ளைப் பூக்கள் அடர்ந்துவிடும். இலையற்ற கருங்கொம்பில் வெள்ளைப் பூ என்ற இந்தக் காட்சியைக் கருவேலம் என்ற சொல் வாசகன் மனத்திலிருந்து அடியோடு துடைத்துவிடுகிறது.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. இன்றைய தமிழ்க் காதில் கருவேலம் என்றதும் நாட்டுக் கருவேல் நினைவுக்கு வருவதில்லை. கண்மாய்களையும் தரிசுகளையும் மூடிக்கிடக்கும் சீமைக் கருவேல்தான் வருகிறது. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அதை அகற்றும் வழக்கு நம் நீதிமன்றம்வரை போனது. பிளாக்தார்னோ ஐரோப்பாவுக்கும் மேற்கு ஆசியாவுக்கும் வடமேற்கு ஆப்பிரிக்காவுக்கும் உரிய மண்ணின் செடி. 1991இல் ஆல்ப்ஸ் பனியாற்றிலிருந்து மீட்கப்பட்ட, சுமார் 5300 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஓட்சி என்ற மனிதனின் உடலருகே கிடைத்த பொருள்களில் இதன் பழமும் இருந்தது. அவ்வளவு தொன்மையாக ஒரு நிலத்தோடு கலந்த செடிக்கு, நாம் வெட்டி எறியத் துடிக்கும் வந்தேறி மரத்தின் பெயரைச் சூட்டிவிட்டால், அங்குள்ளவர்கள் ஏன் அதைப் பேணி வளர்க்கிறார்கள் என்பது வாசகனுக்கு எப்படி விளங்கும்?

மற்றொரு சாரார் களா என்று பெயர்க்கிறார்கள். இதை நான் மதித்தே மறுக்கிறேன், ஏனென்றால் இதில் சிந்தனை இருக்கிறது. களாவும் முட்புதர், வேலிக்கு உதவுவது, பழம் கருப்பு, காய் நாக்கைச் சுருக்குவது. நானும் சில காலம் இந்தச் சொல்லின் பக்கம்தான் இருந்தேன். ஓர் அக்டோபரில் தென் இங்கிலாந்தில் தங்கையின் வீட்டில் தங்கியிருந்தபோது, வயலோர நடைபாதையில் அந்தப் பழத்தைக் கையில் எடுத்த பிறகே மனம் மாறியது. கோலிக்குண்டை விடச் சிறியதாக, ஒரு சென்டிமீட்டரோ சற்றுக் கூடுதலோ குறுக்களவு கொண்டதாக இருந்தது. சாம்பல் பூசணியின்மேல் பூத்திருக்கும் அதே வெண்சாம்பல் அதன்மேலும் பூத்திருந்தது. கட்டைவிரலால் துடைத்ததும் அடியிலிருந்து கருநீலம் பளிச்சென்று வந்தது. கடித்தபோது உள்ளே பச்சை கலந்த சதை, நடுவில் சதையை விடாமல் பற்றிய ஒரே கொட்டை. முதலில் புளிப்பு, பிறகு வாய்முழுதும் துவர்ப்பு ஏறி, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. களாக்காயைக் கடித்தால் உதட்டில் ஒட்டும் வெள்ளைப் பால் இதில் இல்லை. களாப்பழத்துள் இருப்பதுபோல் பல சிறு விதைகளும் இல்லை. இது பிளம் என்பதில் நாக்குக்கும் பல்லுக்கும் ஐயமே எழவில்லை. களா இலையுதிர்க்காத வெப்பநாட்டுச் செடி, அரளிக் குடும்பத்தது. அதன் பெயரைக் கடன் கொடுத்துவிட்டால் பிறகு களாவைப் பற்றி எழுத நேரும்போது நமக்கு என்ன சொல் மிஞ்சும்?

'காட்டு நாவல்' என்று எழுதுபவர்களுக்குத் தனியாக விடை சொல்லத் தேவையில்லை. நிறம் ஒன்றைத் தவிர அங்கே வேறு பொருத்தம் இல்லை.

தூய தமிழில் கருமுள் என்று பெயரிட வேண்டும் என்ற கட்சியும் உண்டு. தூய்மையில் எனக்கும் பற்று உண்டு. ஆனால் கருமுள் என்பது ஒரு பெயராக நிற்கவில்லை, வருணனையாகவே நிற்கிறது. 'கருமுள் பறிக்கப் போனார்கள்' என்றால் முள்ளைப் பறிக்கப் போனார்கள் என்றுதான் பொருள்படும். ஆங்கிலம் செடிக்கு ஒரு பெயரும் பழத்துக்கு வேறொரு பெயரும் வைத்துக்கொண்டது அதன் வழக்கம். நமக்கு நாவல் மரத்தில் காய்ப்பது நாவற்பழம். இலந்தையில் காய்ப்பது இலந்தைப்பழம். ஒரே அடிச்சொல் மரத்துக்கும் கனிக்கும் வேலிக்கும் பொருந்தி வர வேண்டும். தமிழின் இந்த இயல்பைப் பார்க்காமல் ஆங்கிலப் பெயரின் இரு பாதிகளையும் தனித்தனியே பெயர்த்து ஒட்டுவது சொல்லாக்கம் ஆகாது.

ஆகவே நான் முன்வைக்கும் சொல் முட்பிளம். முள் என்ற நம் சொல்லும், கொடைக்கானல் பேருந்து நிலையத்துக் கூடைகளிலிருந்து நம் வாய்க்குப் பழகிவிட்ட பிளம் என்ற சொல்லும் சேர்ந்தது. முட்பிளப் புதர், முட்பிளப் பழம், முட்பிளப் பூ, முட்பிள வேலி என எந்தத் தொடரிலும் இடறாமல் வருகிறது. புருனஸ் ஸ்பினோசா என்ற பெயரின் பொருளையும் அப்படியே தருகிறது. துவர்ப்பிளம் என்ற சொல்லையும் எண்ணிப் பார்த்தேன். பழத்துக்கு அது இன்னும் அழகுதான், ஆனால் வேலியைப் பற்றிப் பேசும்போது சுவைப்பெயர் உதவாது. பிளம் தமிழ்ச்சொல் அன்றே என்று கேட்பவர்களுக்கு என் விடை இது: வேறு நிலத்துக் கனிக்கு அதன் இனப்பெயரைக் கடன் வாங்குவது குறையன்று. நம் மண்ணில் உயிரோடு இருக்கும் கருவேலையும் களாவையும் இழுத்துச் சென்று அந்நியச் செடிமேல் போர்த்துவதுதான் தமிழுக்குச் செய்யும் தீங்கு, ஏனென்றால் அதில் நம் சொற்களின் பொருள் கலங்கிப்போகிறது.

பெயரோடு இந்தக் குழப்பம் நிற்பதில்லை. செடியைச் சுற்றியுள்ள தொழிற்சொற்களும் சேர்ந்தே கெடுகின்றன. செடிகளை நெருக்கி வளர்த்து அங்கே அமைக்கும் ஹெட்ஜ் என்பதை வெறும் வேலி என்று எழுதினால் இன்றைய வாசகனுக்குக் கம்பிவேலிதான் தோன்றும். கொங்கு நாட்டில் மேய்ச்சல் கொறங்காடுகளைச் சுற்றிக் கிளுவையை வளர்த்து உயிர்வேலி என்று அழைக்கிறார்களே, அந்தச் சொல் இருக்கும்போது நமக்கு வேறு என்ன வேண்டும்? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1997ஆம் ஆண்டு விதிகளின்படி, நாட்டுப்புறத்தில் 20 மீட்டருக்கு மேல் நீளும் உயிர்வேலியைப் பெயர்த்தெடுக்குமுன் பெரும்பாலும் உள்ளாட்சிக்கு அறிவித்து இசைவு பெற வேண்டும். கம்பிவேலிக்கு யாரும் அப்படிச் சட்டம் இயற்றமாட்டார்கள்.

நடுவதைச் சொல்லும் இடத்தில் ஒருவர் 'முட்கதியால்களை நட்டனர்' என்று எழுதியிருந்தார். கதியால் யாழ்ப்பாணத்தாரின் அருமையான சொல். கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் தடியை வெட்டி அப்படியே ஊன்றி வேரூன்றச் செய்வது. முட்பிளத்தை அப்படி நடுவதில்லை. கொட்டையிலிருந்து வளர்த்த, ஓரிரு ஆண்டு வயதான, வேருள்ள கன்றுகளைக் குளிர்காலத்தில் மீட்டருக்கு நான்கைந்து வீதம், பெரும்பாலும் இரண்டு வரிசையில் ஒன்றுவிட்டு ஒன்றாக நடுகிறார்கள். அதன் பிறகு அது தானே வேர்க்கன்றுகளை எழுப்பி அடர்கிறது. நல்ல சொல்லையும் அதற்குரிய செயலில்தான் வைக்க வேண்டும்.

வளர்ந்த வேலியைச் சீர்படுத்தும் முறையை 'வெட்டிச் சாய்த்தல்' என்று பெயர்த்ததுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. தமிழில் மரத்தை வெட்டிச் சாய்த்தார்கள் என்றால் அதன் கதை முடிந்தது. அங்கே நடப்பது அதற்கு நேர்மாறானது. தண்டின் அடியில் அரிவாளால் சாய்வாகக் கொத்தி, ஒரு பட்டை அளவுக்கு மரம் விட்டுவைத்து, தண்டைப் பக்கவாட்டில் மெல்லப் படுக்க வைத்து, இடையிடையே முளை அடித்து, மேலே வளாரால் பின்னிக் கட்டுகிறார்கள். விட்டுவைத்த அந்தப் பட்டை வழியே சாறு ஏறி, படுத்த தண்டு முழுவதும் துளிர்க்கிறது. இதற்குக் கொத்தி முடைதல் என்று எழுதினால் போதும். கூடை முடைந்தவர்களின் மொழி நம்முடையது. தடித்த தோல் கையுறை இல்லாமல் இந்த வேலையைச் செய்யமாட்டார்கள், ஏனெனில் முட்பிள முள்ளின் நுனி சதைக்குள் ஒடிந்து தங்கிவிட்டால் நாள்கணக்கில் வீங்கிப் புண்ணாகும்.

இனி, ஃபோரேஜிங்; தானே விளைந்து கிடக்கும் உணவைத் தேடிச் சேர்ப்பது. இதைத் 'தீவனம் திரட்டுதல்' என்று ஓரிடத்திலும் 'உணவு வேட்டை' என்று வேறோரிடத்திலும் கண்டேன். தமிழில் கீரையைக் கிள்ளுகிறோம், சுள்ளியைப் பொறுக்குகிறோம், கிழங்கை அகழ்கிறோம், தேனை எடுக்கிறோம், பழத்தைப் பறிக்கிறோம். ஒவ்வொரு பொருளுக்கும் கை அசையும் விதத்தை அறிந்து வினைச்சொல் வைத்திருக்கும் மொழிக்கு ஏன் ஒரு பொதுச்சொல் தேட வேண்டும்? முட்பிளம் பறிக்கப் போனார்கள் என்றால் போதும். முதல் உறைபனி விழுந்த பிறகு பறித்தால் துவர்ப்பு சற்றுத் தணியும் என்பது அவர்கள் வழிவழியாகக் கொண்ட முறை. இக்காலத்தில் முன்னரே பறித்துக் குளிர்பெட்டியில் உறைய வைப்பவர்களும் உண்டு. பழத்தை ஊசியால் குத்தி, சர்க்கரையோடு ஜின் என்ற சாராயத்தில் இரண்டு மூன்று மாதம் ஊறவைத்துச் சிவந்த மதுவாக்குவார்கள். ஸ்பெயினின் நவார்ரா பகுதியில் சோம்பு மணமுள்ள சாராயத்தில் ஊறவைத்துப் பாச்சரான் என்பார்கள். ஆங்கிலேயரின் அந்த ஸ்லோ ஜின்னை, மெதுவைக் குறிக்கும் வேறொரு ஸ்லோவின் ஒலி ஒப்புமையால் ஏமாந்து 'மெதுவான ஜின்' என்று பெயர்த்த ஒரு தமிழ்த் துணைத்தலைப்பையும் பார்த்திருக்கிறேன். எழுத்தைப் பார்க்காமல் காதை நம்பி, அதை ஒருவரும் சரிபார்க்காமல் வெளியிட்டிருக்கிறார்கள். முட்பிள ஜின் என்பதே சரி.

கடைசியாக ஒரு தொடர். முட்பிளம் பூக்கும் நாள்களில், வெயில் தொடங்கிவிட்டது என்று நம்பியிருக்கும்போது குளிர் மீண்டும் வந்து தங்குவதுண்டு. ஆங்கிலேயர் அதைப் பிளாக்தார்ன் குளிர்காலம் என்கிறார்கள். அந்த ஆவணப்படத்தில் இது 'கருவேலக் குளிர்காலம்' ஆகியிருந்தது. மாசியையும் பங்குனியையும் பின்பனி என்று பெயரிட்டுப் பிரித்து வைத்தவர்கள் நாம். அவர்களுக்கும் அது ஏறத்தாழ அதே பருவத்தில்தான் வருகிறது. முட்பிளம் பூக்கும் பின்பனி என்று எழுதலாம்.