வெளுத்துப்போன ஃபைபர் படகுக்கு மேலே மேலே வாக்ஸ் போடாதீர்கள்

படகு வெளுத்துவிட்டது என்று என்னிடம் வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே இரண்டு மூன்று தடவை வாக்ஸ் போட்டுப் பார்த்தவர்கள். போட்ட அன்றைக்குப் பளபளவென்றுதான் இருந்ததாம், கொஞ்ச நாளில் பழையபடி ஆகிவிட்டதாம். ஆகத்தான் செய்யும்.

பளபளப்பு ஃபைபரில் இல்லை. அதற்கு மேலே இருக்கும் ஜெல்கோட்டில் இருக்கிறது, அதாவது நிறம் கலந்த பாலியெஸ்டர் ரெசின், தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு அதன் மேற்பரப்பு சிதைந்து பொடியாகிறது. கறுப்புத் துணியால் அழுத்தித் துடைத்தால் அந்தப் பொடி துணியோடு வந்துவிடும். அதே இடத்தில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், புதுப்படகு மாதிரி நிறம் தெரியும், காய்ந்ததும் மறுபடி வெளுக்கும். நுண்ணிய துளைகளைத் தண்ணீர் நிரப்பும் வரைதான் அந்த அழகு. பொடியின் மேல் போட்ட வாக்ஸும் இதே வேலையைத்தான் செய்கிறது, கூடக் கொஞ்ச நாள் நிற்கும், அவ்வளவுதான்.

சரி, பொடியை எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் இங்கேதான் பெரிய சேதமே நடக்கிறது: எடுத்த எடுப்பிலேயே முரட்டு உப்புத்தாளைப் போட்டுத் தேய்க்கிறார்கள். இருப்பதே அரை மில்லிமீட்டர், ஒவ்வொரு தேய்ப்பிலும் அது குறைகிறது, திரும்ப வளராது. அதனால் முதலில் சோப்புத் தண்ணீர், நீர்மட்டக் கோட்டில் மஞ்சள் கறையோ துருக்கறையோ இருந்தால் ஆக்சாலிக் அமிலம் கலந்த கிளீனர் (கையுறை கட்டாயம்), பிறகு பழைய வாக்ஸை எடுக்கும் சால்வென்ட். அப்புறம் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடத்தில் வெறும் பாலிஷ் போட்டுப் பாருங்கள். பளபளப்பு வந்துவிட்டால் முழுப் படகுக்கும் அது போதும். வராவிட்டால் ரப்பிங் காம்பவுண்ட், அதாவது பாலிஷைவிடக் கொஞ்சம் கரகரப்பான தேய்ப்புப் பசை. அதிலும் வராவிட்டால்தான் 1000 நம்பர் வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள், நம்பர் கூடக் கூட நைசாகும்), தண்ணீர் விட்டு, பிறகு 1500, 2000, கடைசியில் மறுபடி காம்பவுண்ட், பாலிஷ்.

பஃபிங் மெஷினை ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள், சூட்டில் ஜெல்கோட் கருகும். மூலைகளிலும் விளிம்புகளிலும் கையாலேயே தேய்த்துவிடுங்கள், அங்கேதான் மெஷின் சீக்கிரம் தின்றுவிடும். தேய்க்கும்போது நிறம் திட்டாக மாறி, அடியில் நார்ப் பின்னல் மங்கலாகத் தெரிய ஆரம்பித்தால் உடனே நிறுத்துங்கள், ஜெல்கோட் முடிந்துவிட்டது. இனி அந்த இடத்துக்குப் புது ஜெல்கோட் அல்லது பெயின்ட்தான்.

பளபளப்பு வந்த பிறகு வாக்ஸ் போடுங்கள், இப்போது அதற்கு அர்த்தம் உண்டு. வெயிலில் கிடக்கும் படகுக்கு வருடத்தில் இரண்டு முறையாவது வேண்டும். பாலிமர் சீலன்ட் இன்னும் கொஞ்சம் தாங்கும். தரைக்குப் போடும் அக்ரிலிக் பாலிஷைப் பூசினால் சுலபமாக மின்னும்தான், ஆனால் மஞ்சளித்து உரிய ஆரம்பித்தால் அதைச் சுரண்டி எடுப்பது தனி வேலை. சிலிக்கான் உள்ள பாலிஷையும் நான் தவிர்ப்பேன், பிறகு பெயின்ட் அடிக்க நேர்ந்தால் பிடிக்காமல் குழிகுழியாகத் தெரியும்.

நீர்மட்டத்துக்குக் கீழே ஆன்டிஃபவுலிங் பெயின்ட் (பாசியும் சிப்பியும் ஒட்டாமல் தடுப்பது) இருந்தால் அங்கே வாக்ஸ் வேண்டாம், காய்ந்த நிலையில் தேய்க்கவும் வேண்டாம், அந்தத் தூசியில் பெரும்பாலும் செம்பு இருக்கும், நுரையீரலுக்கு ஆகாது. நட்சத்திரம் மாதிரி கிளை பிரிந்த விரிசல் கண்ணில் பட்டால் மெஷினைக் கீழே வைத்துவிட்டு, உள்பக்கம் ஃபைபர் உடைந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.