றூட் கனால்: வேர்க்கால்வாயா, வேர்க்குழலா?

"நரம்பை எடுத்தாச்சு எண்டவை, பிறகேன் இன்னும் நோகுது?" என்று கிளிநொச்சியில் பல்லுக்கு 'றூட் கனால்' செய்துகொண்ட எங்கள் அயலிலுள்ள அக்கா ஒருவர் கொடுப்பைப் பொத்திக்கொண்டு கேட்டார். அவரது குழப்பத்தின் பாதி அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

'றூட் கனால்' என்பது உண்மையில் சிகிச்சையின் பெயர் அன்று. பல்லின் ஒரு பகுதியின் பெயர். நரம்பும் குருதிக் கலன்களும் சேர்ந்த பற்கூழ், பல்லின் நடுவிலிருந்து வேரின் நுனிவரை இறங்கும் நுண்ணிய வழியையே அது குறிக்கிறது. முன்பல்லில் பெரும்பாலும் ஒரு வழியும், கீழ்க் கொடுப்புப் பல்லில் இரண்டு வேர்களுக்குள் பெரும்பாலும் மூன்று வழிகளும் இருக்கும். பழுதான கூழை அகற்றி, வழியைத் துப்புரவாக்கி, அடைத்துவிடுவார்கள். வேர் தாடையிலேயே இருப்பதால், 'வேர் எடுத்தல்' என்பது தவறான வழக்கு.

'கனால்' இலத்தீன் 'கனாலிஸ்' என்பதிலிருந்து வந்தது. அதன் அடியாகிய 'கன்னா' நாணலை, அதாவது உள்ளே துளையுள்ள தண்டைக் குறிக்கும். நூல்களில் உள்ள 'வேர்க்கால்வாய்' பிழையன்று. ஆயினும் இரணைமடுத் தண்ணீர் வயலுக்குப் பாய்வதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, கால்வாய் என்றதும் மண்வெட்டியோடு இறங்கிச் செருக்கக்கூடிய திறந்த வாய்க்கால்தான் மனத்தில் வருகிறது. மெல்லிய அரங்களை மட்டுமே நுழைக்கக்கூடிய மூடிய துளைக்கு 'வேர்க்குழல்' என்பதே பொருந்தும். சிகிச்சையை 'வேர்க்குழற் சிகிச்சை' எனலாம். குழலை அடைக்கும் 'கட்டாபேர்ச்சா' மரப்பாலிலிருந்து கிடைப்பது. மலாய் மொழியில் 'கெத்தா' என்றால் மரப்பால் என்றே பொருள்.

இனி அக்காவின் கேள்வி. குழலுக்குள் நரம்பு இல்லை. ஆனால் வேரைச் சுற்றித் தாடையெலும்போடு பிணைக்கும் இழையம் உயிரோடு இருக்கிறது, சிகிச்சையின்போது அது சற்று அழன்றும் விடுகிறது. அதனால் சில நாள்களுக்குக் கடிக்கும்போது மட்டும் தெரியும் 'உளைவு' இயல்பானது. பரசிற்றமோலோ, வயிற்றுப் புண் போன்ற தடையில்லாதவர்களுக்கு வைத்தியர் சொல்லும் இபுப்ரூபனோ போதும். ஊசியின் 'விறைப்பு' சில மணி நேரம் நீடிக்கும். அது விடும்வரை சாப்பிட்டால் கன்னத்தையும் உதட்டையும் அறியாமல் கடித்துக்கொள்ள நேரும். 'குத்து' வேறு: நாளுக்கு நாள் கூடும் நோ, முகவீக்கம், காய்ச்சல் என்பவற்றோடு வந்தால் தாமதிக்காமல் திரும்பப் போகவேண்டும். வாய் மூடும்போது அந்தப் பல் மட்டும் முந்தி முட்டினால், அடைப்பு உயரமாக இருக்கிறது. வைத்தியர் சற்றுத் தேய்த்துவிட்டால் சரியாகும்.

முதலில் வைப்பது பெரும்பாலும் தற்காலிக அடைப்பு. நிலையான அடைப்பும், கொடுப்புப் பல்லாயின் உறையும் போடும்வரை அந்தப் பக்கத்தால் கடினமானவற்றைக் கடிக்கலாகாது. அக்காவுக்கு இருந்தது உளைவுதான். மூன்றாம் நாளே அந்தப் பக்கத்தால் பொரிவிளாங்காய் கடித்ததை அவர் கடைசியாகத்தான் சொன்னார்.