பாலாலயத்துக்கு நாள் குறிக்கும் முன் அனுமதிக் கடிதத்தைக் கையில் வாங்குங்கள்

ஊரே சேர்ந்து வரி போட்டு, பாலாலயமும் செய்து, அதாவது திருப்பணி முடியும்வரை சாமியைத் தற்காலிகமாக அத்திப் பலகைக்கு மாற்றிவிட்டு, அப்புறம் திருப்பணி அனுமதிக்காக நாலு வருஷம் அலைந்த ஒரு ஊரை எனக்குத் தெரியும். அத்தனை நாளும் மூலவர் சன்னதி பூட்டியே கிடந்தது. எது முதலில், எது பிறகு என்று அவர்களுக்கு யாருமே சொல்லவில்லை.

தமிழ்நாட்டில் கோயில் நிர்வாகத்துக்கான சட்டம் 1959-இல் வந்தது, அதைப் பார்ப்பது இந்து சமய அறநிலையத் துறை. பின்னணி அவ்வளவு போதும்.

பழைய கோயில் என்றால் ஸ்தபதி போட்ட மதிப்பீட்டோடு வேலை தொடங்கிவிட முடியாது. தொல்லியல் வல்லுநரின் கருத்து வேண்டும், மண்டல வல்லுநர் குழு பார்க்கும், பிறகு மாநிலக் குழு பார்க்கும். இதில் தப்பில்லை, கண்டபடி சிமென்ட் பூசிக் கெடுத்த கோயில்கள் ஏராளம். ஆனால் ஒவ்வொரு படியிலும் "ஒரு போட்டோ குறைகிறது" என்று கோப்பு திரும்பி வரும். குறை என்ன என்று வாயால் சொன்னால் கேட்டுக்கொண்டு வராதீர்கள், எழுத்தில் கேளுங்கள். மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு, தேதி, கோப்பு எண் மூன்றையும் வாங்குங்கள். பதிலே வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கோப்பு யார் மேசையில் என்று கேட்கலாம், 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

அடுத்த பொறி சுற்றுப்புறம். ஒன்றிய தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கப்பால் இன்னும் 200 மீட்டர் வரை அனுமதியோடுதான். உங்கள் கோயில் பாதுகாப்புப் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம், பக்கத்துத் தெருக் கோயில் இருந்தாலும் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். அன்னதானக் கூடம், கழிப்பறை எல்லாம் பாதியில் நிற்பது இங்கேதான். அளந்து பார்த்துவிட்டு அஸ்திவாரம் தோண்டுங்கள்.

கிராமக் கோயில்களுக்கும் ஆதிதிராவிடர் குடியிருப்புக் கோயில்களுக்கும் அரசு திருப்பணி நிதி உண்டு. 1 லட்சமாக இருந்ததை 2021-க்குப் பிறகு 2 லட்சமாக்கினார்கள், நீங்கள் விண்ணப்பிக்கும் வருஷத்தில் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோபுரத்துக்கெல்லாம் இது காணாது. ஊரில் இரண்டு கோஷ்டி இருந்து இரண்டு மனு போனால், இரண்டையும் ஓரமாக வைத்துவிட அலுவலகத்துக்கு நல்ல சாக்கு கிடைத்துவிடும். நிலம் யார் பெயரில் என்பதையும் வருவாய்த் துறைப் பதிவேட்டில் முன்னாலேயே பாருங்கள், கோயில் இடம் எப்போதோ செத்துப்போன பூசாரி பெயரில் கிடக்கும்.

உபயதாரர் பணத்தைத் தனியார் கணக்கில் வாங்காதீர்கள். கோயில் பேரில் ரசீது இல்லாத ரூபாய்க்கு நாளைக்குப் பதில் சொல்ல முடியாது.

அனுமதி வந்த பிறகும் ஆள் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். மணலை வேகமாகப் பீய்ச்சியடித்துக் கல்லைச் சுத்தம் செய்ய அறநிலையத் துறையே தடை போட்டிருக்கிறது, ஆனாலும் சீக்கிரம் முடியும் என்று ஒப்பந்ததாரர் ஆசை காட்டுவார், ஒத்துக்கொண்டால் கல்வெட்டு எழுத்து தூசியாகப் போய்விடும். பிரிக்கும் முன் ஒவ்வொரு கல்லுக்கும் எண் எழுதி, படம் எடுத்து, அதன் நகலில் பொறியாளரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள்.